படகு வாங்குமுன் வெள்ளோட்டம்

நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் உரிய இத்திங்களிதழில் படகு வாங்கும் முறையைப் பற்றி எழுதப் புகுவது அங்கத்தினர் சிலருக்கு வியப்பளிக்கலாம். கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை மாவட்டங்களின் சங்கங்களை அறிந்தவர்களுக்கு வியப்பிராது. அங்குப் பல ஊர்களில் தறியும் தோட்டமும் வலையும் அருகருகே நடைபெறும் தொழில்கள். ஒரு தெருவார் சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்புத்தொகை மற்றொரு தெருவாருக்குக் கடனாகச் செல்கிறது. நான்கைந்து பேர் கூடிப் பழைய படகு ஒன்றை வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது, அப்படகின் நன்மை தீமை தறிக்காரரையும் தோட்டக்காரரையும் சேர்த்தே பாதிக்கிறது. படகு பழுதானால் தவணை நின்றுவிடும் என்பது ஒன்று. அதனினும் பெரியது, அதில் ஏறிக் கடலுக்குச் செல்வோரும் நம் சங்கத்தாரே என்பது.

உழவுமாடு வாங்கும் குடியானவர் எத்துணை எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறார்! பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், ஏரிலோ வண்டியிலோ பூட்டி ஒரு சுற்று ஓட்டிப் பாராமல், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேச அவர் கை நீட்டுவதில்லை. ஆனால் சில லட்ச ரூபாய் பெறும் படகு என்று வரும்போது, கரையில் நிற்பதை ஒருமுறை சுற்றி வந்து, "பார்வைக்கு நன்றாய்த்தான் இருக்கிறது" என்று சொல்லி அன்றைக்கே அச்சாரம் கொடுத்துவிடும் வழக்கத்தை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். இதற்குக் காரணம் அசட்டை அன்று. மாட்டை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவில்லை. படகை ஓட்டிப் பார்க்க டீசல் வேண்டும், ஆள் வேண்டும், ஒரு நாள் வேண்டும், விற்பவரும் ஒப்பவேண்டும். இவற்றை முன்கூட்டி ஏற்பாடு செய்வது எவ்வாறு என்பது பலருக்குத் தெரியாமையே காரணம்.

புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்பே வீதியில் இழுத்து, அச்சும் சக்கரமும் தாங்குகின்றனவா என்று பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். படகுக்கும் அச்சொல்லே பொருந்தும். புதுப் படகு கட்டியவர்கள் வெள்ளோட்டம் விடாமல் தொழிலுக்குச் செல்வதில்லை. பழைய படகை வாங்குவோரோ, அது முன்னரே ஓடியதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பழைய படகுக்கே வெள்ளோட்டம் பெரிதும் வேண்டப்படுவது. ஓடிய படகில் எது தேய்ந்திருக்கிறது என்பதை ஓட்டினாலன்றி அறிய இயலாது.

முதலில் ஏற்பாட்டைக் கவனிப்போம். விலை பேசி, அச்சாரம் கொடுத்து, அதன் பின்னர் பரிசோதனையைப் பற்றிப் பேசத் தொடங்குவது முறையன்று. அச்சாரம் கைமாறிய பின் குறை தெரிந்தால், வாங்குவோர் பணத்தை விட்டுவிட்டு எழுந்து வரவேண்டும். அல்லது குறையோடு படகை ஏற்கவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதையே செய்கிறார்கள். ஆகவே, பரிசோதனையும் வெள்ளோட்டமும் முடிந்து வாங்குவோருக்கு நிறைவு ஏற்பட்டாலன்றிக் கிரயம் முடிவாகாது என்பதை, முன்பணம் கொடுக்கும் தாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நம் நாட்டில் படகு விற்பனைக்கும் உரியது. வாங்குவோரே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் 16ஆம் பிரிவின் பொது விதி. அவ்வகைச் சரக்கை விற்பதையே தொழிலாக உடையவரிடம், சரக்கின் விவரத்தைச் சொல்லி வாங்கும்போது, அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, எழுதாவிட்டாலும் உட்கிடையாக அமையும். தம் பழைய படகை விற்கும் மீனவர் படகு வணிகர் அல்லர்; எனவே அவரிடம் வாங்குவோருக்கு அந்நிபந்தனையின் துணை கிட்டுவதில்லை. வணிகரிடமே வாங்கினாலும், வாங்குவோர் சரக்கைப் பார்த்துப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனையைக் காட்டி வழக்காட முடியாது. அதாவது, அரைகுறையாகப் பார்ப்பது, பாராமலே இருப்பதைக் காட்டிலும் கேடாக முடியலாம். எழுத்தில் பெறும் உறுதிமொழி ஒன்றே நமக்குப் பலம்.

அத்தாளில் எழுதவேண்டியவை அதிகமில்லை. பேசிய விலை, முன்பணத் தொகை, எந்த நாளுக்குள் பரிசோதனை முடியவேண்டும், குறை கண்டு விலகினால் முன்பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்பவேண்டும் என்பவை முதலாவன. படகைக் கரையேற்றும் கூலி, வெள்ளோட்டத்துக்கான டீசல், ஆட்கூலி ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் குறிக்கவேண்டும். இவற்றை வாங்குவோர் ஏற்பதே நியாயம் என்பது நம் கருத்து. ஓட்டிப் பார்க்கையில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. அமங்கலமாகப் பேசுவானேன் என்ற கூச்சமே அதற்குக் காரணம். விற்பவரின் ஆள் சுக்கான் பிடித்திருக்கும் வரை அவர் பொறுப்பு, நம் ஆள் பிடித்த பின் நம் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் பகை வராது. படகுக்குக் காப்பீடு இருந்தால், அது நடப்பிலுள்ளதா, பிறர் ஓட்டும்போதும் செல்லுமா என்று அன்றே கேட்டறிவது நலம்.

சங்கமே நேரில் வாங்கும்போதும், சங்கக் கடனில் அங்கத்தினர் வாங்கும்போதும், பரிசோதனைச் செலவு பற்றி ஒரு தயக்கம் எழுவதை நாம் அறிவோம். "படகு பிடிக்காமல் வாங்காது விட்டால், வாங்காத படகுக்குச் செலவு ஏன் என்று தணிக்கையில் கேட்பார்களே" என்று காரியதரிசிகள் அஞ்சுகிறார்கள். இவ்வச்சத்தினால் பரிசோதனையையே கைவிட்ட நிர்வாகக் குழுக்களும் உண்டு. நாமும் கணக்குப் பார்க்கும் தொழிலைச் சேர்ந்தவரே ஆதலின் இதைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. நிர்வாகக் குழு முன்னதாகத் தீர்மானம் நிறைவேற்றி, செலவுக்கு ஒரு வரம்பு கட்டி, சென்றவர்களின் பெயரையும் கண்ட குறைகளையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து, ரசீதுகளை இணைத்து வைத்தால், அச்செலவு சங்கத்தின் முதலைக் காக்கச் செய்த செலவே ஆகும். 5 லட்ச ரூபாய்ப் படகுக்குப் பரிசோதனைச் செலவு 5 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்று. வேண்டாத படகை வாங்காமல் தப்பியதற்கு அது அதிக விலையா? தீர்மானமும் இல்லை, ரசீதும் இல்லை, "சென்று பார்த்தோம், சரியில்லை" என்ற வாய்மொழி மட்டுமே உண்டு என்னும் செலவையே தணிக்கையாளர் ஐயுறுவர்.

யாரை அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. படகு கட்டத் தெரிந்த ஒருவர், இயந்திரம் அறிந்த ஒருவர், அந்தக் கடலில் தொழில் செய்து பழகிய ஒருவர் என மூவர் போதும். இயந்திரம் பார்ப்பவர் அதே படகை இதுகாறும் பழுது பார்த்து வந்த மெக்கானிக்காக இருத்தல் கூடாது. அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும் தாம் செய்த வேலையைத் தாமே குறை சொல்ல எவருக்கும் நா எழாது. வேற்றூர்க்காரராக இருப்பது நன்று. பெரிய விசைப்படகாயின், காப்பீட்டு நிறுவனங்களுக்கு மதிப்பீடு செய்து தரும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை அமர்த்துவது தகும்.

காலமும் பார்க்கவேண்டும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பல படகுகள் பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்டிருக்கும். அடிப்பாகத்தைப் பார்க்க அதைவிட நல்ல தருணம் வேறில்லை. ஆனால் அந்நாட்களில் கடலில் ஓட்டிப் பார்ப்பது குறித்து மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொண்டே செய்யவேண்டும். கரையில் பார்த்துவிட்டோம், ஓட்டம் பின்னால் ஆகட்டும் என்று பணத்தை முழுவதும் கொடுத்துவிடுதல் ஆகாது.

இனிக் கரைப் பரிசோதனை. கடற்கரைச் சிற்றூர்களில் இன்று மிகுதியாகக் கைமாறுவது கண்ணாடியிழைப் படகு. பைபர் படகு என்பது மக்கள் வழக்கு. இதைப் பார்ப்பதில் நெசவாளர்க்கு இயல்பாகவே ஒரு திறமை உண்டு என்று சொன்னால் மிகையாகாது. இப்படகின் உடல், நறுக்கிய கண்ணாடியிழையாலான விரிப்பையும், கண்ணாடி நூலை ஊடும் பாவுமாக நெய்த துணியையும் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பிசினை ஊறவைத்து இறுக்கச் செய்வது. பிசின் நன்றாக ஊறிய இடத்தில் நெசவு கண்ணுக்குத் தோன்றாது. ஊறாத இடம் வெளுத்து, கஞ்சி ஏறாத நூல் போல் உலர்ந்து நிற்கும். வெளிப்புறம் சாயம் பூசி மறைக்கப்பட்டிருக்கும் ஆதலின், உட்புறத்தையே கவனிக்கவேண்டும். பலகைத் தட்டுகளை எடுத்துவிட்டு, விளக்கொன்றைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் வெளுத்த திட்டுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும்.

பின்னர், சந்தையில் மண்சட்டி வாங்குவோர் தட்டிப் பார்ப்பது போல, படகின் உடல் முழுவதையும் நாணயத்தாலோ சிறு மரச்சுத்தியாலோ அங்குலம் அங்குலமாகத் தட்டிவரவேண்டும். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். அவ்விடங்களில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைக்கவேண்டும். அடியில் ஓடும் ஏராவைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. நம் சோழமண்டலக் கரையில் துறைமுகமில்லாத இடங்களில், படகுகள் நாள்தோறும் மணலில் இழுக்கப்படுகின்றன. மணல் அரம் போலத் தேய்க்கும். பழந்துணியில் நூல் வெளிப்படுவது போல ஏராவில் கண்ணாடியிழை தலைகாட்டினால், அதன் வழியே நீர் உள்ளடுக்குகளுக்குள் புகத் தொடங்கியிருக்கும். அதைச் செப்பனிட முடியும். விலையில் கழித்துக்கொள்ள வேண்டிய குறை. ஆனால் அதன்மேல் பட்டி வைத்து அண்மையில் சாயம் பூசியிருந்தால், கழிப்பதற்கு முன் சுரண்டிப் பார்க்க விற்பவரின் ஒப்புதலைக் கேட்கவேண்டும். மறுத்தால் அதுவே விடை. பொதுவாகவே, விற்பனைக்கு முந்திய வாரம் பூசிய புதுச்சாயத்தைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

பின் அணியத்தில் இயந்திரத்தைத் தாங்கும் குறுக்குச் சுவரின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். ஆணித்துளை வழியே நீர் இறங்கினால், வெளியே எவ்வடையாளமும் இன்றி உள்ளே பலகை அழுகிவிடும். வெளிப்பொருத்து இயந்திரம் உள்ள படகில், இயந்திரத்தைப் பற்றி மேலும் கீழும் அசைத்து, அச்சுவர் நெளிகிறதா என்று பார்த்தாலே போதும்.

கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. மரம் மிதக்கும், பற்றிக்கொண்டு உயிர் பிழைக்கலாம். கண்ணாடியிழை நீரைவிடக் கனமானது. நீர் நிறைந்தால் படகு தானே மிதப்பதில்லை; அதை மிதக்கவைப்பவை அதன் இருபுறமும் முனையிலும் உள்ள, நுரைப்பொருள் அடைத்த மூடிய அறைகளே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இழந்த படகுகளுக்கு ஈடாக மிகக் குறுகிய காலத்தில் பெருந்தொகையான படகுகள் கட்டி வழங்கப்பட்டன. அவசரத்தில் கட்டியவற்றுள் தரம் குறைந்தனவும் கலந்திருந்தன; ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அக்குறையைச் சுட்டிக்காட்டியது. அக்காலப் படகுகள் இன்றும் கைமாறி வருகின்றன. எனவே நுரை அறைகளின் மூடியைத் திறந்து பார்ப்பதை எக்காரணத்தாலும் விடலாகாது. சில அறைகள் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் தெர்மகோல் அடைத்திருப்பார்கள். அது பெட்ரோலிலும், படகுக்குப் பூசும் பிசினிலும் கரையக்கூடியது ஆதலால், உள்ளே உருகிப் பள்ளமாகியிருக்கலாம். நுரைப்பொருள் நீரை உறிஞ்சியிருந்தால் அழுத்தும்போது ஈரம் கசியும். அப்படகு ஒவ்வொரு நாளும் அந்நீரின் எடையையும் சேர்த்தே சுமந்து டீசலைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். நம்மிடம் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் நேரமிருக்கிறது என்று எவரேனும் சொன்னால், இதையே செய்யுமாறு நாம் கூறுவோம்.

மரப்படகாயின், கூர்மையான ஊசி உளியால் ஏராவை அடுத்த பலகைகளிலும், விலாச் சட்டங்கள் ஏராவில் சேரும் மூட்டுகளிலும், நீர்மட்டம் படும் வரியிலும் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரம் உளியைப் பிடிக்கும். இற்ற மரம் விழுங்கும். கப்பல் புழு வெளியே குண்டூசித் துளையளவே காட்டிக்கொண்டு, உள்ளே விரல் பருமன் வழி குடைந்திருக்கும். ஆணித்தலைகளைச் சுற்றிக் கருஞ்சிவப்புக் கறை வழிந்திருந்தால் ஆணி துருவேறி, மரத்தையும் கெடுத்திருக்கிறது. எஃகுப் படகுக்குத் தகட்டின் கனத்தை ஒலியலைக் கருவி கொண்டு அளப்பதே முறை. அதைச் சர்வேயரிடம் விட்டுவிடலாம்.

இயந்திரத்தைக் கரையில் பார்க்கும்போது ஒரு நிபந்தனை முக்கியமானது: அது குளிர்ந்திருக்க வேண்டும். கடற்கரைச் சங்கம் ஒன்றில் கடன் விண்ணப்பத்தின் பேரில் படகு பார்க்கச் சென்ற குழுவோடு நாமும் சென்றிருந்தோம். காலை 6 மணிக்கு வருவதாக முன்னரே சொல்லியனுப்பியிருந்தது. படகுக்காரர் இன்முகத்தோடு வரவேற்றுத் தேநீர் வருவித்தார். குழுவிலிருந்த முதியவர் ஒருவர் தேநீரை வாங்காமல் நேரே சென்று இயந்திரத்தின் மேல் புறங்கையை வைத்தார். "நேற்றிலிருந்து படகு இறங்கவில்லை என்றீர்களே, தம்பி?" என்று கேட்டார். "உங்களைக் காக்க வைக்க வேண்டாமென்று சற்று ஓட்டி வைத்தேன், ஐயா" என்றார் படகுக்காரர். "நல்லது. ஆறட்டும். எங்களுக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு முதியவர் அருகிலிருந்த கொட்டகையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வெயில் ஏறிய பின்னர் எழுந்து வந்து இயக்கச் சொன்னபோது, ஏழெட்டு முறை சுற்றிய பிறகே இயந்திரம் பற்றியது. வெண்புகை நெடுநேரம் வந்தது. உடன் வந்த மெக்கானிக், பிஸ்டன் வளையங்களும் எரிபொருள் தெளிக்கும் நாசிலும் தேய்ந்திருப்பதாகக் கூறி, மாற்றும் செலவைக் கணக்கிட்டார். படகுக்காரரும் மறுக்கவில்லை. அத்தொகை விலையில் கழிக்கப்பட்டது. பழுது பார்த்து மறுபடி ஓட்டிப் பார்த்தே படகு வாங்கப்பட்டது. முதியவர் அன்று செலவிட்டது ஒரு பகல் தூக்கம் மட்டுமே.

எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. வெளிப்பொருத்து இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டி எண்ணெய்க்கும் இதே சோதனை பொருந்தும். இயந்திர எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட வால்தண்டு இயந்திரமாயின் தண்டின் நுனியைப் பற்றி ஆட்டி, புஷ் தேய்ந்துள்ளதா என்று அறியலாம்.

கரையில் தேறிய படகையே நீரில் இறக்கவேண்டும். வெள்ளோட்ட நாளைக் குறிக்கும்போது, வானிலை எச்சரிக்கை ஏதும் இல்லாத நாளாகப் பார்ப்பதோடு, கடல் முற்றிலும் குளம் போல் இருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமலும் இருக்கவேண்டும். விடியலில் புறப்பட்டு, கடற்காற்று எழுந்த பின் திரும்புமாறு அமைத்தால், அமைதியும் அலையும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். செல்வோர் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி வேண்டும். துணைக்கு வேறொரு படகு கண்ணுக்கெட்டும் தொலைவில் வருவது நல்லது. தெரியாத படகில் செல்கிறோம் என்ற நினைவு இருக்கவேண்டும்.

வெறும் படகை ஓட்டிப் பார்ப்பது பாரமேற்றாத வண்டியை ஓட்டிப் பார்ப்பது போன்றதே. வலை, ஐஸ் பெட்டி, பிடித்த மீன் ஆகியவற்றுக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, உருளாதவாறு கட்டவேண்டும். 50 கிலோ மூட்டை பத்து வைத்தால் அரை டன். அலை உடையும் திறந்த கரையிலிருந்து இறங்கும் படகாயின், முதலில் பாரமின்றி அலையைக் கடந்து பார்த்து, பிறகு பாரத்தோடு பார்ப்பதே அறிவுடைமை. புறப்படுமுன் அடியில் தேங்கிய நீரை முழுவதும் இறைத்துத் துடைத்துவிடவேண்டும். திரும்பி வந்ததும் சேர்ந்த நீரை வாளியால் அளந்து எழுதவேண்டும். கசிவு பற்றி விற்பவரோடு வாதிட வேண்டியதில்லை. வாளிக் கணக்கே பேசும்.

முதல் அரை மணி நேரம் விற்பவரின் ஆள் ஓட்டட்டும். அவர் எவற்றைச் செய்யாமல் தவிர்க்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒருவர் முழு வேகத்துக்கே போகாமல் இருப்பார். ஒருவர் இயந்திரத்தை அணைக்கவே மாட்டார். பின்னர் நம் ஆள் சுக்கானை வாங்கி, அவர் தவிர்த்தவற்றையே முதலில் செய்யவேண்டும். முழு வேகத்தில் சிறிது நேரம், வழக்கமான வேகத்தில் குறைந்தது ஒரு மணி நேரம், இருபுறமும் இறுக்கமான திருப்பம், பின்னோட்டம் உள்ள படகாயின் பின்னோட்டம், இறுதியாக நடுக்கடலில் அணைத்து உடனே மீண்டும் இயக்குதல் ஆகியவை வேண்டும். சூடான இயந்திரம் மறுபடி பற்ற மறுப்பது, குளிர்ந்தது மறுப்பதைவிடக் கடலில் ஆபத்தானது.

புகையைப் பார்த்து இயந்திரத்தின் நாடியை அறியலாம். பாரம் ஏறும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் எரிபொருள் முழுதும் எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், விசிறி அளவுக்கு மிஞ்சியதாகலாம், அல்லது அடியில் சிப்பியும் பாசியும் படர்ந்து படகை இழுத்துப் பிடித்திருக்கலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அது செலவு மிக்க நோய். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகை, எரியாத டீசலையோ உள்ளே புகுந்த நீரையோ குறிக்கும். நீரால் குளிர்விக்கும் இயந்திரத்தில் வெளியேறும் நீர் தடையின்றி வருகிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில், கயிறு அடைத்த பழைய முறையாயின், ஓடும்போது சொட்டுச் சொட்டாகச் சிறிது நீர் வருவது இயல்பே. தண்டைக் குளிர்விப்பது அந்நீர். ஒழுக்காக வந்தால் குறை.

வேகத்தையும் எரிபொருளையும் வாய்ச்சொல்லுக்கு விடாமல் அளந்துவிடலாம். இக்காலக் கைப்பேசியிலேயே வேகங்காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து ஏமாற்றும். அதே வழியில் திரும்பி ஓட்டி, இரு வேகங்களின் சராசரியைக் கொள்ளவேண்டும். போகும்போது மணிக்கு 12 கிலோமீட்டரும் வரும்போது 9 கிலோமீட்டரும் காட்டினால் படகின் வேகம் பத்தரை. கடல் மைலில் சொல்ல விரும்புவோர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்று கொண்டு வகுத்துக்கொள்ளலாம். டீசலுக்கு, புறப்படும்போது தொட்டியை ஒரு குறிவரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓடிய பின் மீண்டும் அக்குறிவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்தால் போதும். நல்ல நிலையிலுள்ள சிறு டீசல் இயந்திரம் முழுத் திறனில் உழைக்கையில், குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். 10 குதிரைத்திறன் இயந்திரத்துக்கு இரண்டரை லிட்டர் என்பது ஏறத்தாழச் சரி. மூன்றரையைத் தொட்டால் காரணம் தேடவேண்டும். பங்காளிகள் ஆண்டு முழுவதும் சுமக்கப்போகும் செலவு அந்த ஒரு லிட்டரில் இருக்கிறது.

இவை யாவற்றையும் குழுவில் எழுத்தறிந்த ஒருவர் அவ்வப்போது குறித்துவரவேண்டும். கரையேறியதும், விற்பவரின் முன்னிலையிலேயே அதைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவது நன்று. பெரும்பாலும் விற்பவர்களே குறைகளை ஒப்புக்கொள்கிறார்கள். மறைத்தார்கள் என்று பழிப்பதைவிட, அளந்து காட்டி விலை பேசுவது எளிது. சிறு குறையாயின் செலவைக் கழித்து வாங்கலாம். பெரிய குறையாயின் அவரே செப்பனிட்டுத் தரவேண்டும். செப்பனிட்ட பின் மறுபடி வெள்ளோட்டம் உண்டு. ஏரா முறிவு, அழுகிய பின்சுவர், வெறுமையான நுரை அறைகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், எத்தனை மலிவாயினும் விலகிவிடுமாறு சங்கங்களுக்கு நாம் சொல்லி வருகிறோம். அத்தகைய படகுக்குச் சங்கம் கடன் மறுக்கும்போது அங்கத்தினர் சிலர் மனம் வருந்துவர். அவ்வருத்தத்தை நிர்வாகக் குழு தாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றில் உள்ள பெயர் விற்பவருடையதுதானா, படகில் எழுதிய எண் சான்றோடு ஒத்துள்ளதா, வங்கியிலோ வேறு சங்கத்திலோ அடமானம் நிற்கிறதா, மானியத்தில் பெற்ற படகாயின் அதை விற்பதற்கு நிபந்தனை ஏதேனும் உண்டா என்பவற்றை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிய வேண்டும். பாக்கித் தொகையைக் கடற்கரையில் வைத்துக் கொடுக்காமல், பெயர் மாற்ற விண்ணப்பத்தில் இருவரும் கையொப்பமிடும் நாளில் அவ்வலுவலக வாயிலிலேயே சங்கத்தின் காசோலையாகக் கொடுத்து, ரசீது பெற்று, வெள்ளோட்டக் குறிப்போடு கோப்பில் சேர்த்து வைக்கவேண்டும். அக்குறிப்பின் நகல் ஒன்று படகிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு டீசல் அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.